ஏரி நிலவரம் பக்கத்துல நிலத்தடி நீர்மட்டத்துக்கும் ஒரு பெட்டி போடுங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வர்ற ஏரி நிலவரத்த நான் ராசிபலனுக்கு முன்னாடியே பாத்துடுவேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு சென்னைக்கு தண்ணி குடுக்குற ஏரிக்கெல்லாம் வரிசையா நம்பர் இருக்கும். ஆனா செம்பரம்பாக்கம் நெறஞ்சிருச்சுன்னு நீங்க போட்ட அன்னைக்கே எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு சார் ஹோஸ புடிச்சு கார் கழுவ இறங்கிடுவார். இந்த லெட்டர எழுத வச்சதே அவர்தான்.

2019 அவ்ளோ சீக்கிரம் மறந்து போற வருஷமா? ஜூன்ல நாலு ஏரியும் பாளம் பாளமா வெடிச்சு கெடந்துச்சு, ஐடி பசங்கள வீட்ல இருந்தே வேல பாருங்கன்னு சொன்னாங்க, ஜூலை 12 ஜோலார்பேட்டைலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயிலேறி வந்துச்சு, மந்திரியே போய் வரவேத்தாரு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி டிசம்பர்ல இதே ஊரு போட்ல போச்சு.

எங்க பில்டிங்ல 18 வீடு, கோடை வந்தா போர் காத்துதான் தள்ளும், முழுக்க லாரி தண்ணி. 12,000 லிட்டர் லாரி வாரத்துக்கு அஞ்சு. அந்த காச மெயிண்டனன்ஸ்ல சமமா பிரிச்சுட்டு இருந்தோம், ரெண்டு பேர் இருக்குற வீடும் ஆறு பேர் இருக்குற வீடும் ஒரே ரேட்டு, அப்புறம் யாருக்கு என்ன அக்கறை வரும் சொல்லுங்க. மீட்டர் போடலாம்னு நான் மீட்டிங்ல சொன்னப்போ பெரிய சண்ட, ஏன்னா மேல் டேங்க்லேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கிச்சன், பாத்ரூம்னு மூணு லைன் எறங்குது, அப்போ மூணு மீட்டர் வேணும், செலவு ஜாஸ்தி. எப்படியோ போட்டாச்சு.

மொத மாசமே ஒரு கூத்து. பொண்ணு பிரசவத்துக்கு அமெரிக்கா போய் பூட்டியே கெடந்த ஒரு வீட்டு மீட்டர் ஓடிட்டே இருக்கு! தெறந்து பாத்தா ஃப்ளஷ் டேங்க் வாஷர் போய் சத்தமே இல்லாம தண்ணி கோப்பைக்குள்ள எறங்கிட்டு இருக்கு. எத்தன மாசமா போச்சோ. உங்க வீட்லயும் பாருங்க, ராத்திரி ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் மஞ்சத்தூள கரைச்சு விட்டுட்டு, ஃப்ளஷ் பண்ணாம அர மணி நேரம் கழிச்சு கோப்பைல மஞ்சளா தெரிஞ்சா லீக்குதான். எங்க 18 வீட்ல அஞ்சு வீடு இப்டி மாட்டுச்சு. அப்புறம் ஆர்ஓ மெஷின், ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு சுமார் மூணு லிட்டர சிங்க்ல விடுது, அந்த ட்யூப எடுத்து பக்கெட்ல போட்டா வீடு தொடைக்க போதும் (செடிக்கு வேணாம், உப்பு ஜாஸ்தி). இப்போ வாரத்துக்கு லாரி நாலு, சில வாரம் மூணுலயே ஓடிடுது. யாரும் குளிக்காம இல்ல.

மழைநீர் சேகரிப்பு கத இன்னும் மோசம். 2003லயே எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம்னு அரசு சட்டம் போட்டுச்சு, ஊரே குழி தோண்டுச்சு, அதுக்கப்புறம் எத்தன பேர் மூடிய தெறந்து பாத்தோம்? எங்க குழிக்குள்ள மண்ணு, எலச்சருகு, ஒரு சிமெண்ட் மூட்ட. நானே கணக்கு போட்டேன் சார், 1,000 சதுர அடி மாடில ஒரு மில்லிமீட்டர் பேஞ்சா 93 லிட்டர். நம்ம ஊர்ல வருஷத்துக்கு 1,300 மி.மீ. பேஞ்சா 1.2 லட்சம் லிட்டர், அதாவது பத்து லாரி. எங்க மாடி 4,000 சதுர அடி, நாப்பது லாரி! எல்லாத்தையும் புடிக்க முடியாது, பாதி நிலத்துக்குள்ள போனாலும் சும்மாவா? ஐப்பசி பொறக்குறதுக்குள்ள குழிய தூர் வாரிடணும், அடமழைல ஆள் கெடைக்காது.

நெம்மேலில 2024ல கடல்நீர குடிநீரா மாத்துற இன்னொரு பிளாண்ட் வந்துச்சு, பேரூர்ல தினம் 40 கோடி லிட்டருக்கு ஒண்ணு கட்றாங்க. வேணாம்னு சொல்லல, ஆனா அதெல்லாம் கரண்ட்ட குடிச்சு தண்ணிய துப்புற மெஷினு. கோயம்பேட்லயும் கொடுங்கையூர்லயும் சாக்கடத் தண்ணிய சுத்தம் பண்ணி ஃபேக்டரிக்கு அனுப்புறாங்களே, அதான் என்னப் பொறுத்தவரைக்கும் புத்திசாலித்தனம்.

என் ரிக்வெஸ்ட் ஒண்ணுதான். நிலத்தடி நீர்மட்டத்த ஏரியா வாரியா அளக்கத்தானே செய்றாங்க, அத வாங்கி மாசம் ஒருக்காவாவது ஏரி நிலவரம் பக்கத்துலயே போடுங்க. மடிப்பாக்கத்துல எத்தன அடில தண்ணி இருக்குன்னு தெரியணும். கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டீங்கன்னா நல்லது, கார் சாருக்கு கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது.

இப்படிக்கு,
அபார்ட்மெண்ட் செக்ரட்டரியா மாட்டிக்கிட்ட ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை