நாக்குக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பல் இல்லை, கண்புரை ஆபரேஷன். படிக்காதே, எழுதாதே என்று டாக்டர் கட்டிப்போட்டிருந்தார். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, உன் கையெழுத்தைத் தவிர. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாயா, இல்லை முதல் படியைப் பார்த்து இன்னும் பெருமூச்சுதானா?

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். மனிதர்களிடம் எப்படிப் பேசுவது என்று புத்தகமாக வாங்கி அடுக்குகிறான், வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறான், வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அது அப்படியே என் கதை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாலைந்து வருஷம், போன் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வேன். ‘வணக்கம், நான் இன்னார் பேசுகிறேன்’ என்று தொடங்கி, அவர் இப்படிச் சொன்னால் இது, அப்படிச் சொன்னால் அது என்று அம்புக்குறியெல்லாம் போட்டிருப்பேன். எதிர்முனையில் இருப்பவரிடம் அந்தத் தாள் இல்லையே! இரண்டாவது வாக்கியத்திலேயே, “இருங்க, போன மாசம் கூப்பிட்டவர்தானே நீங்க?” என்பார். அதற்குத் தாளில் அம்பு கிடையாது. உள்ளங்கை வேர்த்து, மை கலைந்து, தாளும் போச்சு.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து, இன்னும் படிப்பது. கண்ணைப் பார்த்துப் பேசு, எதிராளியின் பெயரை இடையிடையே சொல், ஆமாம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேள். எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரு நாள் லிஃப்டில் பக்கத்துப் பிரிவு ஆளிடம், படித்தது படித்தபடியே, “இன்றைக்கு உங்களுக்கு ரொம்பப் பிடித்த தருணம் எது?” என்று கேட்டுவைத்தேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏன் சார், சர்வே எடுக்கிறீங்களா?” என்றார். இறங்குவதற்கு இன்னும் மூன்று மாடி இருந்தது. என் ஆயுளிலேயே நீளமான மூன்று மாடி அதுதான்.

இப்போது யோசித்தால், படிப்பு எனக்கு ஒளிந்துகொள்ள வாகான இடமாக இருந்திருக்கிறது. இந்த ஒன்றை முடித்துவிட்டால் தயாராகிவிடுவேன் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடலாம். யாரும் உன்னைச் சோம்பேறி என்று சொல்லவும் மாட்டார்கள்.

ஹென்றி மொலேசன் என்று ஒருவர். வலிப்புக்காக 1953-ல் மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி, அதன் இரட்டைக் கோட்டுக்குள் பென்சிலை ஓட்டச் சொன்னார். நீயும் ஒருமுறை முயன்று பார், கை எதிர்ப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். மூன்று நாள் பயிற்சியில் மொலேசனின் தவறுகள் நன்றாகக் குறைந்துவிட்டன. ஆனால் இதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை! தலைக்குத் தெரியாமலே கை கற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு நேர்மாறு. தலை முழுக்கப் பாடம், நாக்குக்கு ஒரு வரியும் போய்ச் சேரவில்லை.

போய்ச் சேர வைத்தவர் எங்கள் அலுவலக வாசல் காவலாளி. ஒரு வாரம் வெறும் வணக்கம் மட்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்கு நானே போட்ட நிபந்தனை. அடுத்த வாரம் ஒரே ஒரு கேள்வி. அவர் மேசையில் ரப்பர் பேண்டு சுற்றிய பழைய ரேடியோ ஒன்று இருக்கும். “ஏரியல் உடைஞ்சிடுச்சா?” என்றேன். அவ்வளவுதான், அதை வாங்கிய கதை, கீழே விழுந்த கதை, புதிது வாங்கித்தருகிறேன் என்று மகன் சொல்லியும் மறுத்த கதை. “ஏன் வேண்டாம்னீங்க?” என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. தாளில் நான் தேடிக்கொண்டிருந்த அடுத்த கேள்வி அவருடைய பதிலுக்குள்ளேயே இருந்தது.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியல் அறிஞர் தன் வாயாலேயே சொன்ன கதை ஒன்றும் உண்டு. பெண்களிடம் பேசவே பயந்தவர், 19 வயதில் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒரு மாதம் வலியப் போய்ப் பேச்சுக்கொடுத்தாராம். 130 பேரில் 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரில் ஒருத்தி மட்டும் மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள், அவளும் வரவில்லை. ஆனால் அவருடைய பயம் போய்விட்டது. பையனிடம் இதைச் சொல், ஆனால் செய்துபார்க்கச் சொல்லாதே. தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது தொல்லை. காவலாளி, லிஃப்ட், போன் போதும்.

பேசப் பேச எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் இல்லை. எனக்குப் பேச்சு வந்த பிறகு, அடுத்தவர் முடிப்பதற்குள் குறுக்கே பாய்கிற பழக்கமும் கூடவே வந்தது. “யாரையும் வாக்கியத்தை முடிக்க விட மாட்டேங்கறீங்க” என்று மனைவி சொல்லும் வரை எனக்கு அது தெரியவே தெரியாது. அவனுக்கும் அப்படிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீ வேண்டாம், நீ சொன்னால் கதவு இன்னும் இறுகும்.

படித்ததில் ஒன்றே ஒன்று உதவியது. இரண்டு பேர் புதிதாகப் பேசிவிட்டுப் பிரிந்தால், தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்களாம். 2018-ல் எரிகா பூத்பியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு. ராத்திரி படுக்கையில், சொன்னதையெல்லாம் ஓட்டிப்பார்த்து நெளிகிற வழக்கம் அதற்குப் பிறகு பாதியாகக் குறைந்தது.

சித்திரமும் கைப்பழக்கம் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்தப் பாட்டின் கடைசியில் நட்பையும் தயை, கொடையோடு சேர்த்துப் பிறவிக் குணம் என்று தனியே பிரித்து வைத்திருக்கும். நட்பு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. உன்னோடு பேச ஆரம்பிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே.

ஒன்று செய். என் நம்பரைப் பையனிடம் கொடு. அவனே கூப்பிடட்டும். நீ போட்டுக் கொடுக்காதே, பக்கத்தில் நின்று எடுத்தும் கொடுக்காதே. திணறினால் திணறட்டும், நான் போனை வைத்துவிட மாட்டேன். வியாழக்கிழமை காலை மட்டும் வேண்டாம், கண் டாக்டரிடம் போகிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்