வீல் பேரிங் வேலையில் நடந்த அலட்சியம் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிக்கப் வண்டியின் முன்பக்க இடது வீல் பேரிங்கைச் சரியாக மாற்றாதது, அதனால் ஸ்டப் ஆக்சில் (சக்கரத்தைத் தாங்கும் சுழலாத தண்டு) சேதமானது, சர்வீஸ் அட்வைசரின் மரியாதையற்ற பேச்சு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்தான் இதை எழுத்தில் தருகிறேன். நான் முன்பு பதிந்த புகாரை, 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி உங்கள் ஆட்கள் மூடிவிட்டார்கள். எந்தக் குறை, யார் தீர்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. வண்டி இன்னும் ஜாக்கி ஸ்டாண்டின் மேல்தான் நிற்கிறது.

இது நீங்கள் தயாரித்த வண்டி. பழைய மாடல் என்பதால் முன் சக்கரத்தில் இன்றைய வண்டிகளில் வருவது போல மொத்தமாகக் கழற்றி மாட்டும் ஹப் யூனிட் (ஹப் என்றால் சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) கிடையாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் (இதில் ரோலர்கள் கோர்த்த உள்வளையம்தான் கோன்), ஹப்புக்குள் அழுத்தி உட்காரவைத்த கப்புகள் (ரோலர்கள் ஓடும் வெளிவளையங்கள்), பின்னால் ஒரு கிரீஸ் சீல், அவ்வளவுதான். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் பட்டறைக் கையேட்டிலேயே படம் போட்டு இருக்கிறது.

முன் சக்கரத்தில் சத்தம் முதலில் வந்தபோது உங்கள் சர்வீஸ் சென்டரில் டயர் என்றார்கள். டயர் சத்தம் என்றால் சாலை மாறும்போது மாறும். வழவழப்பான தார்ச்சாலையில் ஒரு மாதிரி, சொரசொரப்பான இடத்தில் ஒரு மாதிரி. என் வண்டியில் எந்தச் சாலையிலும் ஒரே உறுமல்தான். வேகம் கூடக்கூட அதுவும் கூடும், நியூட்ரலில் உருட்டினாலும் நிற்காது. ஓடும்போது ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் திருப்பினால் உறுமல் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் அடங்கும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை இடது சக்கரத்தின் மேல் விழுகிறது. அப்படியானால் போனது இடது பேரிங் என்று அர்த்தம். இதை வாயால் சொன்னேன், ஜாப் கார்டிலும் எழுதவைத்தேன். நகல் இணைத்திருக்கிறேன்.

அவர்கள் செய்தது என்ன? வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டுக்கும் பில் போட்டார்கள். சத்தம் போகவில்லை. அடுத்த முறை வலது பக்க பேரிங்கை மாற்றினார்கள். ஆம், வலது பக்கம். ஜாப் கார்டில் இடது என்று இருக்கும்போது வலது.

அந்த சர்வீஸ் அட்வைசர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோது, காத்திருந்த மற்றவர்கள் முன்னால் அவர் சொன்ன வார்த்தை இது: "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு பாட்டுப் போட்டுக்குங்க." என் வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? ஒரு சக்கரம் கழன்று ஓடக்கூடிய கோளாறைப் பற்றிக் கேட்கிற மனிதனிடம் சொல்கிற பதிலா இது? வண்டியைத் தூக்கி, சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அந்த வேலைக்கு நேரம் அதிகம் ஆகாது. மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் முதலில் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். எந்த மெக்கானிக்கும் முதல் வருடமே கற்றுக்கொள்கிற பரிசோதனை. "லிஃப்ட் காலி இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பிரேக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், முன்பே சொல்லியிருக்க வேண்டும். முதல் மிதியில் பெடல் கீழே போகும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். பேரிங் தளர்ந்து டிஸ்க் ஆடுவதால் அது பேடுகளைப் பின்னால் தள்ளிவிடுகிறது. பெடல் இறங்குவது அதனால்தான். உங்கள் ஆட்களோ பேடுகளை மாற்றி அதற்கும் ஒரு பில் நீட்டினார்கள். பெடல் அப்படியேதான் இருந்தது.

கடைசியில் ஒருவழியாக இடது பக்கத்தைத் திறந்தார்கள். பில்லில் முழு பேரிங் செட் என்று இருக்கிறது. செட் என்றால் கோனும் கப்பும் சேர்ந்ததுதானே? வண்டியை எடுத்து ஓட்டினேன். கொஞ்ச தூரத்திலேயே இடது ஹப் கை வைக்க முடியாத அளவு கொதித்தது. வலது பக்கம் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. உடனே நிறுத்தி கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றினார், அவர் வேறொருவருக்கு மாற்றினார், பாட்டு ஓடியது, லைன் கட்டானது. வண்டியை எடுத்துப்போக யாரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் வெளியே ஒரு மெக்கானிக்கை வரவழைத்துத் திறந்தோம்.

உள்ளே இருந்தது பழைய கப். ரோலர் ஓடும் பாதை முழுக்கப் பொரிந்து குழிகுழியாக இருந்தது. அதன் மேல் புதுக் கோனை மாட்டியிருக்கிறார்கள். தேய்ந்த கப்பில் புது ரோலர் ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? அதோடு நட்டை முரட்டுத்தனமாக முறுக்கி வைத்திருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி ரோலர்களை உட்காரவைத்து, பிறகு தளர்த்தி, மறுபடி கையளவில் மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டும். இந்த வகை பேரிங்குக்குப் பொதுவாக 0.025 முதல் 0.127 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விட்டு வைப்பார்கள். என் வண்டியில் துளி ஆட்டமும் இல்லை. ரோலர்கள் சூட்டில் நீலம் பாரித்துவிட்டன. உள் பேரிங் இறுகிப்போய் ஸ்டப் ஆக்சிலின் மேலேயே சுழன்று அதையும் கீறிவிட்டது. நான் காசு கொடுத்த புதுக் கப் எங்கே போனது ஐயா?

இத்தனைக்கும் பிறகு உங்கள் பதில், வெளி மெக்கானிக் திறந்துவிட்டதால் வாரண்டி செல்லாது என்பது. நடுவழியில் கொதிக்கும் ஹப்போடு நின்ற என்னை நீங்கள் கைவிட்டீர்கள். நான் யாரிடம் போயிருக்க வேண்டும்?

இந்த ஒரு வண்டியை நம்பித்தான் என் பிழைப்பு. சரக்கு ஏற்ற வண்டி இல்லை என்றதும் என்னிடம் வழக்கமாக வேலை கொடுத்த அத்தனை பேரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நம்பிக்கை, நல்ல பெயர், வருமானம் எல்லாமே போய்விட்டது. இதை எந்தப் பணமும் ஈடுகட்டாது.

ஆனாலும் உங்கள் கம்பெனி மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. நல்ல வண்டி என்று நம்பித்தான் இத்தனை வருடம் விற்காமல் வைத்திருக்கிறேன். எனவே தயவுசெய்து கேட்கிறேன்: ஸ்டப் ஆக்சில், இடது பக்கத்தின் இரண்டு பேரிங்குகள், கப்புகள், சீல் எல்லாவற்றையும் உங்கள் செலவில், வேலை தெரிந்த ஒருவரை வைத்து மாற்றித் தாருங்கள். தேவையில்லாமல் செய்த வலது பக்க வேலைக்கும் பிரேக் பேடுக்கும் அலைன்மென்ட்டுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். பில்லில் இருந்து வண்டியில் இல்லாத கப்புக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். அந்த சர்வீஸ் அட்வைசர் என்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கழற்றிய கப், நீலம் பாரித்த கோன், எல்லா பில்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். இந்த வாரத்துக்குள் பொறுப்பான ஒருவர் என்னைத் தொடர்புகொள்ளாவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவேன், அந்தப் பொருட்களை அங்கே மேஜை மேல் வைப்பேன். இன்னொரு 'தீர்க்கப்பட்டது' குறுஞ்செய்தியைப் பதிலாக ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள், பில்கள், புகைப்படங்கள்