ரிப்பெக்கோடு ஓர் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தலைவர் அண்ணா ஒரு பக்க அறிக்கை போதும் என்றார். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, கோடைக்கால ஒன்றுகூடல் எல்லாம் வழக்கம்போல நல்லபடியாக நடந்தன. அவற்றுக்கு ஒரு பக்கம் உண்மையிலேயே போதும். ஆனால் போன பொதுக்குழுவில் ஒரு புதுக் காரியத்தைக் கையில் எடுத்தோம் அல்லவா, பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்புர்க் மாநிலத்தில் ஒரே ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுவதும் அதைப் பற்றியே படிப்பது என்று. அதைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

எந்த ஊர் என்ற கேள்விக்குப் பிள்ளைகள்தான் பதில் வைத்திருந்தார்கள். இங்கே ஆரம்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீடுகளில் ஜெர்மன் எழுத்தாளர் தியோடோர் ஃபொன்டானே 1889இல் வெளியிட்ட அந்தப் பேரிக்காய்க் கவிதை கட்டாயம் காதில் விழுந்திருக்கும். ஹாவெல்லாண்ட் வட்டாரத்தில் உள்ள ரிப்பெக்கில் ஒரு பிரபு. அவர் தோட்டத்தில் ஒரு பேரி மரம். இலையுதிர் காலம் வந்தால் சட்டைப்பை நிறையப் பழத்தைத் திணித்துக்கொண்டு, வழியில் போகிற பையனையும் பெண்ணையும் கூப்பிட்டுக் கொடுப்பார். சாகும் நேரத்தில் தன் மகன் கஞ்சன் என்பது தெரிந்து, என் குழிக்குள் ஒரு பேரிக்காயைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மகன் தோட்டத்தைப் பூட்டிவிடுகிறான். மூன்றாம் ஆண்டு கல்லறையிலிருந்து கன்று முளைக்கிறது, வளர்ந்து காய்க்கிறது, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுக்கிறது. அவ்வளவுதான் கதை. நம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இது மனப்பாடம். அப்பா அம்மாக்களுக்கோ ரிப்பெக் என்று நிஜமாகவே ஓர் ஊர் இருப்பதும், அது பெர்லினிலிருந்து மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், நாவென் நகராட்சியின் ஒரு பகுதியாக இருப்பதும் தெரியாது. சரி, அந்த ஊரையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவானது.

முதல் கூட்டத்தில் கவிதையைத் தொடவே இல்லை. நீர்ப்பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ஊரைப் படிக்கணும் என்றால் முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள் என்று சொல்லி, பெரிய நிலவரைபடம் ஒன்றை மேசை மேல் விரித்தார். என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் மிக நல்ல மாலை அதுதான். ரிப்பெக் ஒரு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே நாவென் மேட்டுநிலம், பனியுகத்துப் பனிப்பாளம் அரைத்துக் கொண்டுவந்து விட்டுப்போன களிமண்ணும் மணலும். வடக்கே ஹாவெல்லாண்ட் லூக் என்னும் பெரிய தாழ்நிலம். பனி உருகிய நீர் ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு ஓடிய அகன்ற பள்ளத்தாக்கு அது. பின்னால் சதுப்பாகி, புல்லும் நாணலும் மக்கி மக்கித் தாவரக்கரி படிந்த இடம். மேட்டில் உழவு, பள்ளத்தில் மாடு, நடுவே குடியிருப்பு. இந்தப் பகுதியின் பழைய கிராமங்கள் பலவும் இப்படித்தான் கால் நனையாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தன. மேடு என்றால் மலை என்று நினைத்துவிடாதீர்கள், சில மீட்டர் வித்தியாசம்தான். ஆனால் அந்தச் சில மீட்டரில் சோறு இருந்தது.

அந்தச் சதுப்பை வடித்ததுதான் இந்த ஊரின் பெரிய திருப்பம் என்று நான் நினைக்கிறேன். பிரஷ்ய மன்னர் முதலாம் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம், படைவீர மன்னர் என்று பெயரெடுத்தவர், 1718இல் வேலையைத் தொடங்கினார். ஹெர்டெஃபெல்ட் என்ற அரசு அதிகாரி மேற்பார்வை. படைவீரர்களையும் மண்வெட்டியோடு இறக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே பெரிய கால்வாயும் அதோடு சேரும் சிறு வாய்க்கால்களுமாக அந்த நிலமே கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. நடுவில் கோனிக்ஸ்ஹோர்ஸ்ட் என்ற அரச பண்ணை எழுந்தது, பெர்லின் நகரத்துக்கு வெண்ணெய் போனது. கவிதையில் வரும் பிரபுத் தாத்தா என்று சொல்லப்படும் ஹான்ஸ் கேயார்க் ஃபொன் ரிப்பெக் 1689இல் பிறந்து 1759இல் இறந்தவர். அதாவது மண்வெட்டிகள் சதுப்பில் இறங்கியபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. நாம் தாடி வைத்த கிழவராகவே கற்பனை செய்யும் மனிதர், தன் ஊரின் வடக்கு எல்லை தண்ணீரிலிருந்து புல்வெளியாக மாறுவதைக் கண்ணால் பார்த்த தலைமுறை. இதைச் சொன்னபோது கூட்டம் ஒரு கணம் அமைதியாகி, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம்.

வடித்ததற்கு விலையும் உண்டு. நீர் இறங்கினால் தாவரக்கரியில் காற்று புகும், அது மெல்ல மெல்லக் கரைந்து நிலமே தாழும், கூடவே கரியமில வாயு வெளியேறும். இங்கே ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஜெர்மனியின் வறண்ட பகுதிகளில் இதுவும் ஒன்று. 300 ஆண்டுகளுக்கு முன்பு தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று யோசித்த இடத்தில் இன்று எப்படி நிறுத்திவைப்பது என்று யோசிக்கிறார்கள்.

அடுத்த சில கூட்டங்கள் ஃபொன் ரிப்பெக் குடும்பத்துக்குப் போயின. 13ஆம் நூற்றாண்டு முதலே ஆவணங்களில் தலைகாட்டும் பழைய பிரபுக் குடும்பம். நம்மவர்களுக்குப் புரியும்படி சொன்னால் ஜமீன்தான், ஆனால் அதைவிடப் பிடி இறுக்கம். நிலம் மட்டுமில்லை, குடியானவர்களின் உழைப்பு நாள்கள், ஊர்த் தேவாலயத்தின் புரவலர் உரிமை, உள்ளூர் நீதிமன்றம், எல்லாமே பிரபுவின் கையில். பிரஷ்யாவில் குடியானவர்களின் பரம்பரை அடிமைநிலையை ஒழிக்கும் ஆணை 1807இல் வந்தது, 1810இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிரபுக்களின் நீதிமன்ற உரிமை 1849வரை நீடித்தது. பிரபுவின் பண்ணை நிலம் கிராம நிர்வாகத்துக்குள் சேராத தனி வட்டமாக இருந்த ஏற்பாடு 1920களின் கடைசி வரை ஓடியது. ஆக, பழம் கொடுத்த தாத்தாவின் காலத்தில், அதை வாங்கித் தின்ற பிள்ளைகளின் அப்பா அம்மா அவர் பண்ணையில் கட்டாய வேலை செய்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

இதில்தான் நமக்குள் கொஞ்சம் சூடான வாக்குவாதம். ஒரு தரப்பு, ஜமீன்தாரின் கருணையைப் பாடும் கவிதையை நம் பிள்ளைகள் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டது. இன்னொரு தரப்பு, கவிதையிலேயே மகனின் கஞ்சத்தனம் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறதே, கொடுக்கிறவனும் பூட்டுகிறவனும் ஒரே வீட்டில்தானே பிறக்கிறார்கள் என்றது. நான் இரண்டாவது பக்கம். ஊர்ச்சனங்கள் வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருந்த கதையைத்தான் ஃபொன்டானே எடுத்துப் பாடினார். பூட்டிய தோட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் சொன்ன கதை அது, அரண்மனை எழுதிவைத்த கதை இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு கேட்டதால்தான் நாம் 1807ஐயும் 1849ஐயும் தேடிப் படித்தோம், அதற்காக அவர்களுக்கு நன்றி.

பெர்லினுக்குள்ளேயே இந்தக் குடும்பத்தின் தடம் இருப்பதையும் இந்த ஆண்டுதான் கண்டோம். ப்ரைட்டெ தெருவில் 1624ஆம் ஆண்டு ஆட்சியாளரின் அவையில் இருந்த ஒரு ஹான்ஸ் கேயார்க் ஃபொன் ரிப்பெக்குக்காகக் கட்டிய வீடு. நகரின் நடுப்பகுதியில் மறுமலர்ச்சிக் காலப் பாணியில் மிஞ்சி நிற்கும் ஒரே வீடு அதுதான். நம்மில் எத்தனையோ பேர் தினமும் அந்தப் பக்கம் போய்வந்தும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறோம்.

செப்டம்பரில் ரிப்பெக்குக்கே போனோம். பெர்லினிலிருந்து நாவென் வரை ரயில், அங்கிருந்து சைக்கிள்காரர்கள் சைக்கிளில், மற்றவர்கள் கார்களைப் பங்கிட்டுக்கொண்டு. வார இறுதியில் பேருந்து எப்போதாவதுதான், அடுத்த முறை போகிறவர்கள் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஊர் சின்னது, நடந்தே சுற்றிவிடலாம். தேவாலயம், பழைய பள்ளிக்கூடம், பண்ணையின் பழைய சலவைக்கூடம், அரண்மனை எல்லாம் கூப்பிடு தூரத்தில். சலவைக்கூடம் இப்போது காப்பிக்கடை. பேரிக்காய்க் கேக் கிடைக்கும், நாங்கள் போய் இறங்கியதும் மேசை பிடிக்கத்தான் கஷ்டம்.

மூல மரம் இப்போது இல்லை. 1911 பிப்ரவரியில் அடித்த புயலில் விழுந்துவிட்டது. அதன் அடிக்கட்டையைத் தேவாலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள். கருத்து, உள்ளே குடைந்து, பட்டை உரிந்து, கைப்பிடித்து உட்காரவைத்த ஒரு முதியவர் போல அது நிற்கிறது. நம் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று யாரும் சொல்லாமலே கவிதையை ஒப்பிக்கத் தொடங்கினார்கள். அங்கே வந்திருந்த வயதான ஜெர்மன் தம்பதியர் அவர்களோடு சேர்ந்துகொண்டு, கடைசி வரி வரை கூடவே சொன்னார்கள். வெளியே கோவில் சுவரை ஒட்டி 2000ஆம் ஆண்டு நட்ட புது மரம் நிற்கிறது. ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு பேரி மரம் வைத்த தோட்டமும் ஊரில் உண்டு.

அரண்மனை பழசு போலத் தெரிந்தாலும் 1893இல் பரோக் பாணியைப் பின்பற்றிக் கட்டியது. கவிதை வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆகவே கவிதையில் வரும் மாளிகை இதுவல்ல. நம் பிள்ளைகளில் ஒருத்தி இதைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் எனக்கு அவ்வளவு பெருமை.

இனிச் சொல்வது கொஞ்சம் கனமானது. இந்த அரண்மனையின் கடைசிச் சொந்தக்காரர், அவர் பெயரும் ஹான்ஸ் கேயார்க்தான், 1880இல் பிறந்தவர், நாஜிகளோடு ஒத்துப்போகவில்லை. 1944இல் கைதானார். 1945இல் ஸாக்ஸன்ஹவுஸன் வதைமுகாமில் இறந்தார். அதே 1945இன் இலையுதிர் காலத்தில் சோவியத் ஆட்சிப் பகுதியில் நிலச்சீர்திருத்தம் வந்தது. 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் அனைத்தும் இழப்பீடு இன்றி எடுக்கப்பட்டு, நிலமற்றவர்களுக்கும் கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த அகதிகளுக்கும் பங்கிடப்பட்டன. அகதியாக வந்து கையில் ஐந்தாறு ஹெக்டேர் கிடைத்தவர்களின் நிலைமையை நம் உறுப்பினர்களில் சிலருக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த நிலமும் அவர்களிடம் நிலைக்கவில்லை. 1960க்குள் கிழக்கு ஜெர்மனி விவசாயிகளை நெருக்கிக் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்து முடித்துவிட்டது. அரண்மனை பல பத்தாண்டுகள் முதியோர் இல்லமாக ஓடியது. பிறகு மாவட்ட நிர்வாகம் புதுப்பித்து 2009இல் அருங்காட்சியகமும் உணவகமுமாகத் திறந்தது. ரிப்பெக் குடும்பத்தின் வாரிசு ஒருவரும் பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஊருக்குத் திரும்பி, பழைய சாராய ஆலைக் கட்டடத்தில் பேரிக்காய்க் காடியும் மதுவும் செய்து விற்கத் தொடங்கினார்.

சுவர் இருந்த காலத்தைப் பற்றி இன்னொன்று. பெர்லினையும் ஹாம்புர்கையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. 1982இல் புது நெடுஞ்சாலை திறக்கும் வரை மேற்கு பெர்லின்காரர்களுக்குக் கிழக்கு ஜெர்மனி வழியாக ஹாம்புர்க் போகும் கடவுவழி இதுதான். ஓட்டிக்கொண்டே போகலாம், பாதையை விட்டு விலகக் கூடாது. பள்ளியில் மனப்பாடம் செய்த கவிதையின் ஊர்ப்பெயரைப் பலகையில் பார்த்தபடி, இறங்காமல் கடந்து போனவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ.

நவம்பர் கூட்டம் பறவைகளுக்கு. லூக்கின் மேற்கே புக்கோ பகுதியில் பெருங்கானமயில்கள் இருக்கின்றன, பறக்கும் பறவைகளிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. 1990களில் ஜெர்மனி முழுவதும் அறுபதுக்கும் கீழே போன எண்ணிக்கை, பாதுகாப்பால் முந்நூறைத் தாண்டியிருக்கிறது. பெர்லின்-ஹனோஃபர் அதிவேக ரயில்பாதை போட்டபோது இவை மோதிச் சாகாமல் இருக்க அங்கே தண்டவாளத்தின் இருபுறமும் சுமார் 7 மீட்டர் உயர மண்கரை எழுப்பினார்கள். அந்த ரயிலில் போகும்போது ஜன்னல் திடீரென்று பச்சைச் சுவராகிவிடும் இடம் அதுதான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பயணத்துக்குச் சங்கப் பணம் தொடவில்லை, அவரவர் செலவு அவரவருடையது, பிள்ளைகளுக்கு மட்டும் மதிய உணவு சங்கம் கொடுத்தது. இரண்டு குடும்பங்கள் வசதியில்லாமல் வராமல் நின்றுவிட்டதாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அது மனதை உறுத்துகிறது. வரும் ஆண்டு பயணச் சீட்டுக்கு ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும் என்று இந்த அறிக்கை மூலமாகவே தீர்மானம் முன்மொழிகிறேன்.

அடுத்த ஊருக்கு இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, ரிப்பெக்கின் பக்கத்திலேயே உள்ள க்ரோஸ் பேனிட்ஸ். ரயில் எஞ்சின் செய்த போர்ஸிக் குடும்பத்தின் பண்ணை இருந்த ஊர், ஹிட்லரை எதிர்த்தவர்கள் கூடிய இடமும்கூட. இன்னொன்று பெர்லினுக்குக் கிழக்கே நொய்ஹார்டென்பெர்க். மன்னர் அதை 1814இல் அமைச்சர் ஹார்டென்பெர்குக்குக் கொடுத்தார், 1949இல் மார்க்ஸ்வால்டே என்று பெயர் மாறியது, சுவர் விழுந்த பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. என் ஓட்டு இரண்டாவதுக்கு, கட்டடக் கலைஞர் ஷின்கெல் கட்டிய தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நிலவரைபடங்களைச் சேகரித்துக் கொடுத்த மூத்த உறுப்பினருக்கும், கார் ஓட்டிய தம்பிகளுக்கும், மழை வந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குள் நுழைந்த ஆசிரியை அக்காவுக்கும் நன்றி. ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு பொதுக்குழு முடிந்ததும், நிர்வாகிகள் தேர்தலுக்கு முன்னால் நடக்கும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அன்று காலையிலேயே பொருளாளரிடம் கட்டிவிட்டால் வாக்குச்சீட்டு கொடுப்பதில் தாமதம் இருக்காது. கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் ஹாவெல்லாண்ட் தொடர்பான பழைய படமோ வரைபடமோ இருந்தால் மறக்காமல் எடுத்துவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்