அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்

மக்கா,

மூன்று மாதமாக எழுதாததற்கு ஏசு, வாங்கிக்கொள்கிறேன். ஆவணி முகூர்த்தம் அத்தனைக்கும் கேமராவோடு ஓடினேன். இப்போது எடிட்டிங்கில் உட்கார்ந்து இடுப்பு ஒடிகிறது.

முட்டத்தில் ஒரு ஜோடியை எடுத்தேன். லைட்ஹவுஸ் பக்கம், பாறைமேல், வெயில் சாயும் நேரம். பெண் வீட்டார் கேட்டது, 'கனவு மாதிரி இருக்கணும்.' சரி என்று அதே கிளிப்பை மேல் டிராக்கில் இன்னொன்று போட்டு, காசியன் பிளர் கொடுத்துக் கலங்கலாக்கி, இரண்டையும் கலக்கிற பிளெண்ட் மோடை ஸ்கிரீனில் வைத்து, ஒப்பாசிட்டியை 30 சதவீதத்துக்கு இறக்கி மேல் கிளிப்பை மெலிதாக்கினேன். ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கூட்டத்தானே செய்யும்? அலை நுரையும் பெண்ணின் நெற்றியும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டன. அப்புறம் மேல் கிளிப்புக்கு, வெளிச்சத்தை வைத்து இடம் பிரிக்கிற லூமா கீ போட்டு, வெளிச்சமான இடத்தில் மட்டும் பிளர் நிற்கிற மாதிரி செய்தேன். கர்வில் கறுப்பைக் கொஞ்சம் தூக்கி வெளிற விட்டேன். நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகத்தில் விட்டதும் முந்தானை காற்றில் நீந்துகிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட அழகாக வந்த ஷாட்டில் நான் கையே வைக்கவில்லை. கடல்காற்றின் உப்பு லென்ஸ் முன் மாட்டுகிற ஃபில்டரில் படிந்து, படமே மெல்லிசாக மங்கியிருக்கிறது. கூட வந்த உதவிப் பையன் துடைக்கவில்லை. அன்று அவனை ஏசின ஏச்சுக்கு இப்போது பரோட்டா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நீயும் ஒரு காலத்தில் இதே மங்கலுக்காக யூவி ஃபில்டரில் வாசலின் தேய்த்தாயே! நடுவை விட்டு ஓரத்தில் மட்டும் தேய்த்திருந்தால் பிழைத்திருப்பாய். இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டாய்.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை மக்கா. போன ஞாயிறு ராத்திரி அப்பாவைக் கூப்பிட்டுக் கடைசி ஷாட்டைக் காட்டினேன். லைட்ஹவுஸ் விளக்கு எரியத் தொடங்குகிற ஷாட். முதலில் அந்த பிளர் எஃபெக்ட் இல்லாமல், அப்புறம் எஃபெக்ட்டோடு. "ரெண்டும் ஒண்ணுதானலே" என்றார். கேலி பண்ணுகிறார் என்று மறுபடி ஓட்டினேன். "வெளக்கச் சுத்திப் பொகை மாதிரி வட்டம் ரெண்டுலயும் இருக்கே. நம்ம தெருவெளக்குலயும் அப்படித்தான."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கண்ணோடுதான் தினமும் விடியுமுன் ஸ்கூட்டரில் தோவாளைக்குப் பூ எடுக்கப் போயிருக்கிறார். எதிரே வருகிற லாரியின் லைட் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்!

மறுநாளே டாக்டரிடம் காட்டினேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு வரும் வியாழன் ஆபரேஷன். ஸ்கூட்டர் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டதால் இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. நீ கூப்பிட்டால் எடுப்பார். ராத்திரி எட்டுக்கு மேல் கூப்பிடு. சாவி பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.