ஆரஞ்சு நிற 61

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்கான திட்டையெல்லாம் அடுத்த தடவை மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். மீனாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பாஸ்கர் இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லையாமே? விற்க மாட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் கோயம்புத்தூரில் கார் ரேஸ் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டான், தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் காலத்தில் சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம் ஓடுதளத்தில் கார் ரேஸ் பார்க்கப் போய் வெயிலில் தொண்டை கிழியக் கத்தியவன் நீதானே? நன்றாக வேண்டும் உனக்கு!

நான் இருக்கும் யூட்டிகாவுக்குப் பக்கத்திலேயே ரோம் என்று ஒரு ஊர். இத்தாலி இல்லை, நியூயார்க் மாநிலத்து ரோம். சின்ன ஊர்தான். நாஸ்கார் என்பது அமெரிக்காவின் பெரிய கார் ரேஸ் அமைப்பு; மாடிஃபைடு என்பது அதில் ரேஸுக்காகவே மாற்றிக் கட்டிய கார்களின் பிரிவு. 1971 முதல் 1985 வரை அந்த மாடிஃபைடு தேசியப் பட்டம் ஒரு வருஷம்கூட இந்த ஊரைத் தாண்டிப் போகவில்லை. ஜெர்ரி குக் 6 முறை, ரிச்சி எவன்ஸ் 9 முறை. எங்கள் தெருக்கோடிப் பெரியவர் எவன்ஸ் கட்சி, அவர் சம்சாரம் குக் கட்சி. இன்றைக்கும் அந்த வீட்டில் சமாதானம் இல்லை.

போன கோடையில் பழைய ரேஸ் கார்களைக் கூட்டி வைத்திருந்த இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பிண்டோ என்று ஒன்றைக் காட்டினார், ஃபோர்டு கம்பெனியின் பழைய சின்னக் கார். பெயரும் கூரையும்தான் பிண்டோ. மட்கார்டு கிடையாது, நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன, உள்ளே பெரிய வி-8 எஞ்சின். மனிதர் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பின்சக்கரங்களைச் சுற்றி அளந்தார். வலது பக்க டயரின் சுற்றளவு அதிகம்! வட்டத் தடத்தில் முழுக்க இடது பக்கமே திரும்பும் ஓட்டமில்லையா, அதனால் வண்டி தானாகவே இடப்பக்கம் இழுக்க வேண்டுமாம். நேர்ரோட்டில் விட்டால் வயலில்தான் போய் நிற்கும்.

அப்போதெல்லாம் ஊர் ஊராக நடக்கும் சின்னச் சின்ன ரேஸ்களில் எடுக்கும் புள்ளிகளைச் சேர்த்துத்தான் தேசியப் பட்டம். அதனால் குக்கும் எவன்ஸும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்குப் போவார்கள். இரண்டு பேரும் கிளம்புவது ஒரே ஊரிலிருந்து! டீக்கடையில் எப்படி முகம் பார்த்துக்கொண்டார்களோ. எவன்ஸின் கார் ஆரஞ்சு நிறம், எண் 61. பெரியவர் வீட்டு அஞ்சல் பெட்டியும் அதே நிறம்தான்.

இனி சொல்வதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படி. 1985இல் ஒன்பதாவது பட்டத்தை உறுதிசெய்துவிட்டுத்தான் எவன்ஸ் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்துக்குப் போனார். அக்டோபர் 24. ரேஸ்கூட இல்லை, பயிற்சி ஓட்டம். கார் நேராகச் சுவரில் மோதியது. ஆள் போய்விட்டார், வயது 44. வண்டி பலவீனமாக இருந்ததால் இல்லையடா. அந்தக் காலத்து மாடிஃபைடுகளின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், மடங்கவே மடங்காது. இரும்பு மடங்காவிட்டால் மோதலின் வேகம் முழுவதும் உள்ளே இருப்பவன் உடம்பில்தான் இறங்கும். அடுத்த சில வருஷங்களில் இன்னும் சிலர் செத்த பிறகுதான் அந்தச் சேஸிஸை மாற்றினார்கள். 61 என்ற எண்ணை மாடிஃபைடில் அதற்கப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை.

இதைச் சொல்லி உன்னை மேலும் பயமுறுத்தவா என்று கேட்பாய். இல்லை. பையனைத் தடுக்காதே, தடுத்தால் உனக்குத் தெரியாமல் போவான், நாம் போகவில்லையா? ஆனால் "வண்டி டாங்க் மாதிரி இருக்கு, பயமே இல்ல" என்று அவன் சொன்னால் அதற்கு மட்டும் தலையாட்டாதே. சீட் எதில் பொருத்தியிருக்கிறது, பெல்ட் எத்தனை இடத்தில் பிடிக்கிறது, கழுத்துக்கு என்ன காப்பு என்று கேள்.

அப்புறம், அவன் ஓட்டும் காரைப் படம் எடுத்து அனுப்பு. பெயின்ட்டும் ஸ்டிக்கரும் எனக்கு வேண்டாம், உள்பக்கம் வேண்டும். பெரியவரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். தங்கச்சியிடம் நார்த்தங்காய் ஊறுகாயை நினைவுபடுத்து.

அன்புடன்,
முரளி