மகேஷ்சந்திரருக்கும் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் சதுரங்கப் பத்தி, கிரன்ஃபெல்டு தற்காப்பு என்ற சதுரங்கத் தொடக்க ஆட்டமுறையை, 1922-ல் அதை ஆடிய ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்டிலிருந்தே தொடங்குகிறது. 1855-லேயே ஸ்காட்லாந்து வீரர் ஜான் காக்ரேனுக்கு எதிராக வங்காளத்து மகேஷ்சந்திர பானர்ஜி கறுப்புக் காய்களுடன் இதே நகர்வுகளை ஆடியிருக்கிறார். ஆட்டக்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. எதிராளி நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் நிரப்பட்டும் என்று விட்டு, ஜி7 கட்டத்தில் நிற்கும் மந்திரியால் தூரத்திலிருந்தே அவற்றை நெருக்குவதுதான் இந்த ஆட்டமுறையின் உயிர். இது சேர்ந்த ஆட்டமுறைக் குடும்பத்துக்கு ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயரே இத்தகைய இந்திய வீரர்களால் வந்தது. முதலில் ஆடியவரை விட்டு, ஐரோப்பியப் போட்டிகளில் பரப்பியவருக்கே பெயர் போகிறது. கிரன்ஃபெல்டின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. என் மாணவர்கள் மூன்றாம் நகர்வில் சிப்பாயை டி5 கட்டத்துக்கு நகர்த்தி இதை ஆடும்போது மகேஷ்சந்திரரையும் சொல்லித்தான் தருகிறேன். தங்கள் பத்தியிலும் அவரைக் குறிப்பிடுங்கள்.

சதுரங்கப் பயிற்சியாளர்,
கும்பகோணம்.