நிண்ட உடனை பார், மச்சான்

கொக்குவில்,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சான்,

நான் சுகம், வீட்டிலையும் எல்லாரும் சுகம். நீயும் தங்கச்சியும் பிள்ளையளும் அப்பிடியே இருப்பியள் எண்டு நினைக்கிறன். வட்ஸ்அப்பிலை நீ அனுப்பின குரல்பதிவு ஆறையும் கேட்டன். அரைவாசியை உங்கத்தைக் காத்து அள்ளிக்கொண்டு போட்டுது, எண்டாலும் விசயம் விளங்கிச்சு. போனிலை இவ்வளவையும் தட்டி எழுத எனக்கு ஏலாது. நாப்பது வரியமாய் கிறீஸ் பிரண்ட விரலை அந்தக் கண்ணாடி மதிக்குதில்லை. பெறாமகள் வாற கிழமை ரொறன்ரோ வாறா. புழுக்கொடியலோடை இதையும் அவவிட்டைக் குடுத்து விடுறன்.

இஞ்சை மழை தொடங்கிட்டுது. கராஜ் வாசல்லை கணுக்காலளவு தண்ணி. மழை எண்டா எனக்கு உழைப்புத்தான், வெள்ளத்துக்குள்ளாலை ஓடி நிண்ட ஸ்கூற்றருகள் வரிசையிலை நிக்குது. 2020இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு அஞ்சு வரியம் பழசுகளைத்தான் தட்டித் தட்டி ஓட வைச்சனாங்கள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலை கறல் பிடிச்சுக் கிடந்த ஹொண்டா எம்.டி. 90 மோட்டார்சைக்கிள் எல்லாம் வெளியிலை வந்து பெயின்ற் அடிச்சுக்கொண்டு நிண்டுது. இப்ப வாகனம் திரும்ப வரத் தொடங்கியும் விலையைக் கேட்டுப்போட்டு ஆக்கள் திரும்பி என்னட்டைத்தான் வருகினம்.

சரி, ஓடிக்கொண்டிருக்கேக்கை நிண்டுபோற உன்ரை வண்டியின்ரை அலுவலுக்கு வாறன்.

பேரனுக்கெண்டு பழைய ஏ.ரி.வி. (காடு மேடெல்லாம் ஓடுற நாலு சில்லு வண்டி) ஒண்டு வாங்கினது நல்லது. 110 சீசீ, சீனாவிலை செய்தது எண்டாய். நீ அனுப்பின படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். சிரிப்பு வந்திட்டுது. உது ஆரெண்டு தெரியுமோ? எங்கடை எம்.டி. 90இன்ரை ஒண்டுவிட்ட தம்பி. சிலிண்டர் முன்னுக்குப் படுத்துக் கிடக்கு, தலையிலை மேலையும் கீழையும் ரண்டு மூடி, இடப்பக்கத்திலை கரண்ட் உண்டாக்கிற மக்னற். 1958இலை ஹொண்டா சுப்பர் கப் எண்டு விட்டானே, அந்த வம்சம். அதைப் பாத்துத்தான் சீனாக்காரர் உந்தச் சின்ன இஞ்சினுகளை அடிச்சுத் தள்ளினவங்கள். நாலு சில்லு வைச்ச மோட்டார்சைக்கிளை நான் கிட்ட நிண்டு பாத்ததில்லை, ஆனா உன்ரை கவட்டுக்குக் கீழை கிடக்கிற சாமானை நான் கண்ணை மூடிக்கொண்டும் கழட்டுவன்.

எனக்குக் கோவம் வந்தது உன்ரை நாலாவது பதிவிலை. சீ.டி.ஐ. (பிளக்குக்கு எப்ப நெருப்பு விடுறதெண்டு பாக்கிற பெட்டி), கொயில் (அந்தக் கரண்டைக் கூட்டிக் குடுக்கிறது), காபுரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலக்கிறது) மூண்டையும் ஓடர் பண்ணிட்டாய் எண்டு சொன்னாய். ஏனடா? மூண்டையும் மாத்தி ஓடினால் எதிலை பிழை இருந்தது எண்டு உனக்குத் தெரியப்போறேல்லை. ஓடாட்டில் புதுச் சாமான் மூண்டோடை பழைய வருத்தமும் கிடக்கும்.

நானும் உந்த விசர்வேலை பாத்தவன்தான். யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்து அடுத்த வரியம், 2003 எண்டு நினைக்கிறன், காரைநகரிலை இருந்து ஒரு வாத்தியார் எம்.டி. 90 கொண்டு வந்தவர். ஒவ்வொரு நாளும் பொன்னாலைப் பாலத்திலை, கிட்டத்தட்ட ஒரே இடத்திலை வண்டி நிக்குதாம். பத்து நிமிசம் உருட்டினால் திரும்பக் கிளம்புதாம். வெள்ளிக்கிழமையிலை நிண்டால் பாலத்திலை பேய் நிக்குது எண்டு பள்ளிக்கூடத்துப் பெடியள் கதை கட்டிப்போட்டாங்கள். நான் பிளக் மாத்தினன், கொயில் மாத்தினன், காபுரேட்டரை மூண்டுதரம் கழட்டிப் பூட்டினன். என்னட்டை நிக்கேக்கை ஒரு பிழையும் காட்டாது. கடைசியா வெக்கம் தாங்கேலாமல் அவரைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு நானே பாலத்துக்குப் போனன். நிண்டுது. இறங்கி, சீற்றைத் தூக்கி, பெற்றோல் மூடியைத் திருகினன். "உஸ்" எண்டு காத்து உள்ளுக்குப் போச்சு. ஒரு உதை, கிளம்பிட்டுது. பெற்றோல் ராங்குக்கு வடிவாப் பெயின்ற் அடிச்ச புண்ணியவான் மூடியிலை இருந்த ஊசியளவு ஓட்டையையும் சேத்து அடைச்சுப்போட்டான். காத்து உள்ளை போகாட்டில் பெற்றோல் கீழை இறங்காது. கராஜிலை நிண்டு ஓடவிட்டால் அது தெரியாது, அவ்வளவு பெற்றோல் குடிச்சால்தான் தெரியும். வாத்தியாரிட்டைக் கொயில் காசைத் திருப்பிக் குடுத்தன். வேண்டமாட்டன் எண்டவர், சட்டைப்பையிலை வைச்சு அனுப்பினன்.

அதுதான் உனக்கும் சொல்லுறன். உன்ரை வண்டி குளிரிலை ஒரு சுட்டிலை ஸ்ராட் வருது, பதினைஞ்சு இருவது நிமிசம் ஓடிப்போட்டு முக்கி முனகி நிக்குது, அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப வருது. வந்த பிறகு அதைப் பரிசோதிச்சு என்ன பிரயோசனம்? வருத்தக்காரன் காய்ச்சல் விட்டாப் பிறகு ஆசுபத்திரிக்குப் போற மாதிரி. நிக்கிற அந்த ரண்டு மூண்டு நிமிசத்துக்கை பாக்கவேணும்.

முதல் வேலை, சட்டைப்பையிலை ஒரு புதுப் பிளக் வைச்சுக்கொள். நிண்ட உடனை பெற்றோல் மூடியைத் திற, உஸ் எண்டுதோ எண்டு கேள். இல்லையெண்டால் பிளக் மூடியை இழுத்து அந்தப் புதுப் பிளக்கிலை கொளுவி, பிளக்கின்ரை இரும்பு இஞ்சின் தலையிலை முட்டுற மாதிரி வைச்சு ஸ்ராட் அடி. பழைய பிளக்கைக் கழட்டாதை, ஓட்டை திறந்து கிடந்தால் பெற்றோல் ஆவி வந்து பத்தும். கையாலை பிடிக்கவும் வேண்டாம், அதிலை வாறது ஆயிரக்கணக்கான வோல்ற்று. நிழலான இடத்திலை வைச்சுப் பார். நெருப்புப்பொறி நீலமாய் படக் படக் எண்டு பாய்ஞ்சால் கரண்டிலை பிழையில்லை. நீ ஓடர் பண்ணினதிலை ரண்டை அந்த இடத்திலையே மறந்துபோகலாம்.

நெருப்பு வராட்டில்தான் வயர் பக்கம் போகவேணும். சீ.டி.ஐ.க்குப் போறதுகளிலை பெரும்பாலும் கறுப்பிலை வெள்ளைக் கோடு போட்ட வயர் ஒண்டு இருக்கும். அது நிப்பாட்டுற வயர், எங்கையாவது இரும்பிலை முட்டினால் இஞ்சின் செத்துப்போம். உந்தப் பிள்ளையளின்ரை வண்டியிலை திறப்பு, கைபிடிச் சுவிச்சு, பின்னுக்குக் கயித்துச் சுவிச்சு, ரிமோட் பெட்டி எண்டு எல்லாம் அந்த ஒரு வயரிலைதான் தொங்கும். எதிலை ஈரம் பூந்தாலும், குளிருக்கை எலி வயரைக் கறிச்சாலும் கதை ஒண்டுதான். அதைக் கழட்டிவிட நெருப்பு வந்தால் சுவிச்சிலை பிழை. ஆனா கழட்டினபடி ஓடவிட்டால் திறப்பாலை நிப்பாட்டேலாது, சொக்கை இழுத்துத்தான் அமத்தவேணும். அந்த நேரம் பேரனை ஏத்தாதை. கழட்டியும் நெருப்பு இல்லையெண்டால் மக்னற்றுக்குப் பக்கத்திலை இருக்கிற சின்னப் பல்சர் கொயிலை (எப்ப நெருப்பு விடுறதெண்டு சீ.டி.ஐ.க்குச் சொல்லுறது) மீற்றரிலை ஓம்ஸ் பார், குளிரிலை ஒருக்கா, சூட்டிலை ஒருக்கா. உள்ளை மயிரளவு வெடிப்பிருந்தால் சூட்டிலை அறுந்து, ஆறேக்கை ஒட்டும்.

இதெல்லாம் ஒழுங்குக்குச் சொன்னது. என்ரை மனம் வேறை இடத்திலை நிக்குது. அஞ்சாவது பதிவிலை, கடைசியிலை, போறபோக்கிலை ஒண்டு சொன்னாய்: "நிண்ட பிறகு ஸ்ராட்டர் முந்தியை விட லேசாச் சுத்துது, பற்றறியிலை பிழையில்லை." அதைத்தான் நான் நாலு தரம் திருப்பிக் கேட்டனான். அது பற்றறியின்ரை பலம் எண்டு நான் நினைக்கேல்லை மச்சான். பிஸ்டனுக்கு முன்னாலை அமத்தம் குறைஞ்சாலும் ஸ்ராட்டருக்கு லேசு. கம்பிரசன் எங்கையோ போகுது. குளிரிலை இருக்கு, சூட்டிலை இல்லை. இஞ்சினுக்கை காத்தையும் புகையையும் விடுற வால்வு வடிவா மூடுதில்லை.

வால்வு நாள்பட நாள்பட அது குந்துற சீற்றுக்கை மெல்ல மெல்லத் தாழும். தாழத் தாழ மேலை, வால்வை அமத்தித் திறக்கிற றொக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலை விட்ட இடைவெளி குறையும். ஒரு நாள் அது இல்லாமல் போகும். பிறகு சூடேறி வால்வுத் தண்டு நீளேக்கை றொக்கர் அதை மிதிச்சுக்கொண்டு நிக்கும். வாய் மூடாத பானையிலை சோறு அவியுமோ? வண்டியை உனக்கு வித்த ஆள் "சத்தமே இல்லாத இஞ்சின்" எண்டு பெருமையாச் சொன்னவன் எண்டாய். உந்த இஞ்சின் கொஞ்சம் டிக் டிக் எண்டால்தான் எனக்கு நிம்மதி.

இரவு முழுக்க ஆறவிட்டுப்போட்டுப் பார். தலையிலை இருக்கிற ரண்டு மூடிக்கும் 17 ஸ்பனர் போகும். இடப்பக்கத்து மக்னற் மூடியைத் திறந்து, பிளக்கைக் கழட்டிப்போட்டு, சக்கரத்தை மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் சுத்து. முதல் எஃப் எண்ட அடையாளம் வரும், அது நெருப்புப் பாயிற இடம், அதிலை நிப்பாட்டாதை. அடுத்து ரி, பிஸ்டன் உச்சிக்கு வாற அடையாளம், வந்து கோட்டுக்கு நேர நிக்கேக்கை ரண்டு றொக்கரும் விரலுக்கு ஆடவேணும். ரண்டும் ஆடாட்டில் இன்னொரு முழுச் சுத்து. ஒண்டு ஆடி மற்றது மட்டும் ஆடாட்டில் கள்ளன் அந்த ஆடாதவன்தான். 0.05 மில்லிமீற்றர் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைச்சு, இழுக்கேக்கை மெல்லப் பிடிக்கிற மாதிரி விட்டுப் பூட்டு. கொப்பித் தாளை மடிச்சு வைக்கிற வேலை வேண்டாம், அது அதைவிடத் தடிப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய். எனக்கே இப்ப கேஜிலை கிடக்கிற இலக்கம் தெரியுதில்லை.

விட்ட இடைவெளி ஒரு மாதத்திலை திரும்ப இல்லாமல் போனால் தலையைக் கழட்டத்தான் வேணும். அப்ப சொல்லு, அதுக்கு வேறை கடிதம்.

பிளக் எண்டு எழுத எழுத 1993 ஞாபகம் வருது. சண்டைக்காலத்திலை குடாநாட்டை விட்டுப் போக வள்ளம் ஏறின கிளாலிக்கு உன்னை ஏத்திக்கொண்டு போன ஹொண்டா சி90. பெற்றோல் இல்லாத காலம், ஓட்டம் முழுக்க மண்ணெண்ணெய். கிளப்புறதுக்கு மட்டும் சின்னப் போத்தல்லை பெற்றோல், அதைப் பின்னுக்கு இருந்து நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு வந்தாய், பிள்ளைப் பால் மாதிரி. கொடிகாமம் தாண்டி நிண்டுபோச்சு. நான் பிளக்கைக் கழட்டி சவரப் பிளேற்றாலை கரியைச் சுரண்ட, நீ ரோச்சைக் கையாலை பொத்தி விரல் இடுக்காலை வெளிச்சம் விட்டாய். உன்ரை கை நடுங்கினது பிளக்கிலை தெரிஞ்சுது. அண்டைக்கு நாங்கள் ஓடர் பண்ண ஒரு சாமானும் இருக்கேல்லை, அதாலை தேடித்தான் பாத்தம்.

உங்கத்தைப் பனி விழமுதல் பேரன் ஓடவேணும் எண்டு நிக்கிறான் எண்டாய். ஹெல்மெற் இல்லாமல் விடாதை. குளிருக்கு வண்டியைக் கட்டமுதல் காபுரேட்டருக்குக் கீழை இருக்கிற ஆணியைத் தளத்திப் பெற்றோலை வடிச்சுவிடு, இல்லாட்டில் சித்திரையிலை ஜெற், உள்ளை பெற்றோல் போற சின்ன ஓட்டை, பசை பிடிச்சுக் கிடக்கும். தங்கச்சியைக் கேட்டதாய்ச் சொல்லு. புழுக்கொடியலை அவவின்ரை கண்ணிலை படாமல் நீ தனியத் தின்னாதை.

ஓடர் பண்ணின பெட்டியள் வந்தால் உடைக்காதை, திருப்பி அனுப்பலாம். வட்ஸ்அப்பிலை ஓடுற வீடியோ வேண்டாம். நிண்ட உடனை ஸ்ராட்டர் சுத்துற சத்தத்தை மட்டும் பிடிச்சு அனுப்பு, பக்கத்திலை ஆரும் கதைக்காமல்.

உன்ரை பழைய கூட்டாளி